கவினா கொடுத்த கிடா

பாக்கீசியோ வருகிறான் என்று தெரிந்ததும் கவினா அந்தக் கிடாவை மட்டும் மந்தையிலிருந்து பிரித்தாள். காலில் காய்ந்திருந்த சாணத்தைக் கழுவி, பட்டியின் வாசலோரமாகக் கட்டினாள். அகன்ற முதுகு, நிமிர்ந்த கழுத்து, அழுக்குப் படாத வெள்ளை ரோமம். பார்க்கிறவன் கண் அதை விட்டு நகராது. பாக்கீசியோவின் கண் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சார்டீனியாவின் அந்த மலைச்சரிவில் இருவரும் சேர்ந்துதான் ஒரு காலத்தில் மந்தையை உருவாக்கினார்கள். மேய்ச்சலும் உழைப்பும் அவனுடையது, தேர்வு அவளுடையது. ஈன்றதும் வாளியை நிரப்பும் ஆட்டை அவள் நம்பமாட்டாள். ஜூன் வெயிலில் புல் கருகிய பிறகும் எது கறக்கிறதோ, அதன் குட்டிகளைத்தான் வைத்துக்கொள்வாள். கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள். கவினாவின் அம்மா இறந்து அவள் தேவாலயத்தில் முழங்காலிட்டிருந்த காலையில், அவன் நல்ல ஆடுகளையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். காதில் குத்திய அடையாளம் அவன் பெயரில் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த மாதமே கடற்கரை ஊரிலிருந்து ரிமேதியாவைக் கட்டிக்கொண்டு வந்தான். ஊரே அவள் அழகைப் பேசியது.

பல் விழுந்த கிழட்டு ஆடுகள்தான் கவினாவுக்கு மிஞ்சின. அவற்றின் கடைசி ஈற்றுக் குட்டிகளை வைத்து மறுபடி தொடங்கினாள். வருஷங்கள் போயின. இப்போது பாலாடைக்கட்டிச் சங்கத்தில் அவள் பாலுக்கு ஈடு இல்லை. அழகான கிடாவாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாக்கீசியோவின் மந்தையில் பால் வருஷத்துக்கு வருஷம் இறங்கியது.

அதனால்தான் அவளிடம் ஒரு கிடா கேட்டு வந்திருந்தான். நினைத்தபடியே நேராகக் கிடாவிடம் போய் அதன் முதுகை அழுத்திப் பார்த்தான்.

“இதோட ஆத்தா யாரு?”

“வெள்ளைக்காதியோட மக.”

வெள்ளைக்காதியை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் ஏற்றிப்போனதில் முதல் ஆடு அது.

“அவ மக ஒண்ணு இங்க தங்கிருச்சா?”

“நீ அவசரத்துல விட்டுட்டுப் போன.”

அவன் சிரித்தான். “பழசையெல்லாம் மனசுல வச்சிக்கலையே, கவினா?”

“வச்சிருந்தா கிடா தருவேனா?”

கிடாவின் உண்மையான தாய், ஈன்ற புதிதில் வாளி வழியக் கறந்துவிட்டு ஈஸ்டருக்கு முன்னால் வற்றிப்போகிற ஆடு. அதன் தாயும் அப்படியே; கிடாவுக்குப் பிறக்கும் பெட்டைகளுக்கும் அந்த மடிதான் வாய்க்கும். கசாப்புக்கு ஒதுக்கியிருந்த கிடா அது.

அந்தக் கிடாவுக்குப் பிறந்த பெட்டைகள் கண்ணைப் பறித்தன. பாக்கீசியோ அத்தனையையும் வளர்த்தான். இடம் போதாமல் பழைய ஆடுகளை விற்றான். புதுப் பெட்டைகள் முதல் ஈற்று ஈன்று வாளி வழிந்தபோது மதுக்கடையில் எல்லோருக்கும் ஊற்றிக்கொடுத்தான் என்று கவினா கேள்விப்பட்டாள். பொறுத்திருந்தாள். வசந்தத்தில், மற்றவர்கள் கறந்து மாளாத நாளில், பால்வண்டிக்காரனிடம் விசாரித்தாள்.

“பாக்கீசியோ வீட்டுலயா? கேனோட அடிதான் தெரியுது.”

அன்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அவளுக்கு அவ்வளவு ருசித்தன.

ஆனால் அடுத்த வாரம் சங்கத்து வாசலில் பாக்கீசியோவின் குரல் கேட்டது. இடுப்பில் கைவைத்து ரிமேதியாவைத் திட்டிக்கொண்டிருந்தான். “கறக்கத் தெரியாத கை. மடியெல்லாம் கெடுத்துட்டா. இவ வந்த நாள்லேர்ந்து எனக்கு இறங்குமுகம்தான்.” ரிமேதியா தலை நிமிரவில்லை. இல்லாத பாலைப் பிழிந்து பிழிந்து வீங்கிய விரல்களில் துணி சுற்றியிருந்தாள்.

பேசாமல் நின்றால் இரண்டு பேரும் அழிவதைப் பார்க்கலாம். இத்தனை வருஷம் அவள் இரண்டு பேரையும்தான் வெறுத்திருந்தாள். அந்தத் துணியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தான் செய்ததை அந்தக் கைகள் செய்ததாகச் சொல்கிறானே என்று ஆத்திரம் பொங்கியது.

“கையில ஒண்ணுமில்ல. கிடாவுல இருக்கு,” என்றாள். வாசலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். “வெள்ளைக்காதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதோட ஆத்தா வசந்தத்துலயே வத்திரும். தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

“பொய் சொன்னியா?”

“சொன்னேன். நீ கழுத்தைப் பார்த்து மயங்குவேன்னும் தெரியும்.”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர். “பழசையெல்லாம் வித்துட்டேனே,” என்றான் அவன், யாரிடம் என்றில்லாமல். முகம் வெளுத்துப்போய் வண்டியில் ஏறிக் கதவை அறைந்தான்.

ரிமேதியா போகவில்லை. கவினாவிடம் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

“அக்கா, எனக்கு ஒரு பெட்டைக்குட்டி குடுப்பீங்களா? நல்ல ஆத்தா வயித்துக்குட்டியா. காதுல என் பேரு போடணும்.”

பாக்கீசியோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ரிமேதியா திரும்பிப் பார்க்காமல், விரல்களில் சுற்றியிருந்த துணியை நிதானமாக அவிழ்க்கத் தொடங்கினாள்.