கழுத்தளவுத் தண்ணீர்: ஒரு திருத்தம்

1

இந்தக் கதை எதற்காக எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் தங்கை என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள், கீழே கையெழுத்துடன். அதை எழுத முடியாததால் இத்தனை பக்கம் எழுதுகிறேன். எழுத்தாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் உற்பத்தியாகிறார்கள்.

கிழித்துப் போட்ட தொடக்கங்கள்:

"கடல் அன்று தன் ஆத்திரத்தை" (கடலுக்கு ஆத்திரம் கிடையாது. எனக்குத்தான், அதுவும் தங்கை மேல்.)

"அலைகளின் தாலாட்டில் வளர்ந்த அந்தக் குடியிருப்பின்" (அலை எவரையும் தாலாட்டி நான் பார்த்ததில்லை.)

"என் தங்கை ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட மேலாளர்." இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

திட்டத்தின் முழுப்பெயர் 'சமூக மரபு மற்றும் ஒருங்கிணைந்த கடலோரக் கல்வி முன்னெடுப்பு'. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அலை வந்து போய்விடும். கண்ணால் பார்த்தால் அது ஒரு பழைய ஐஸ் கிடங்கு, நான்கு பெஞ்சு, அலை ஏறி இறங்கும் நேரம் எழுதிய ஒரு பலகை, தெருவைப் பார்த்த ஒரு சுவர்.

சுவர்தான் விஷயம். இருபத்தாறு வருடங்களுக்கு முன் கடல் தெருவுக்குள் வந்து போனபோது அந்தச் சுவரில் ஒரு பழுப்புக் கறையை விட்டுவிட்டுப் போனது. வாரம் ஒரு வகுப்புப் பிள்ளைகளைத் தங்கை அங்கே கூட்டி வந்து கறையைத் தொடச் சொல்வாள். பிறகு ஒரே கேள்வி: "இதுக்கு மேல இருக்கிற தரை எங்க இருக்கு, காட்டு." பிள்ளைகள் எதிரே இருக்கும் மீனவர் சங்கக் கட்டடத்தைக் காட்டுவார்கள். ஆறு படி, நாற்பத்தெட்டு அங்குல உயரம். உடனே ஓட்டம். கடைசியாகப் படி ஏறுகிறவருக்கு அடுத்த வாரம் விசில் ஊதும் பொறுப்பு. அவ்வளவுதான் பாடம். இதை விளக்கித் தலைமை அலுவலகம் அறுபது பக்கம் எழுதியிருக்கிறது.

3

வகுப்பு முன்பே தொடங்கிவிட்டது, முறையான திறப்பு விழாதான் பாக்கி: வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. அதற்கு முன் 'சுற்றுப்புற அழகூட்டல்' செய்ய அலுவலகம் ஆளனுப்பியது. தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த ஒரு மதியத்தில், வந்தவர்கள் உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்து, அழுத்தமாக இரண்டு கோட் வெள்ளை அடித்துவிட்டார்கள்.

மரபைக் காக்க வந்தவர்கள் மரபுக்கு வெள்ளையடித்த கதை.

(இந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தங்கையிடம் படித்துக் காட்டினேன். "உனக்கு ஒரு வரி கெடச்சிருச்சு. எனக்குக் கறை போயிருச்சு" என்றாள்.)

கறையை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் நிர்வாகக் குழுவினர் பத்துப் பேர் புன்னகையோடு வரிசையாக நின்று அதை முழுசாக மறைத்திருந்தார்கள்.

4

நிறுவனத்தின் இயக்குநர் தொலைபேசியில் பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"மேடம், இதுல என்ன டென்ஷன்? கறைக்குப் பதிலா நீலக் கோடு போட்டுருங்க. கழுத்தளவுல."

"கழுத்தளவுன்னு யார் சார் சொன்னா?"

"உங்க அண்ணன்தான்! நம்ம திட்டக் கையேட்டுல மொத பக்கமே அவர் கட்டுரைதானே. அச்சாகி வந்தாச்சு."

கடல் வந்த அந்த வருடம் நான் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரை அது. 'கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி நான் கடலைக் கேட்டேன்' என்று தொடங்கும். என்ன கேட்டேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. ஆனால் நான் எழுத்தாளன் ஆனது அந்த வரியால்தான்.

"உயரமா இருந்தா இன்னும் சேஃப்தானே மேடம்?"

"இல்ல சார். கழுத்தளவுல கோடு போட்டா சங்கத்துத் தரையும் முங்கிடும்னு ஆயிடும். அதவிட ஒசரம்னா தூரத்துல இருக்கிற பாலம்தான், அப்புறம் பிள்ளைங்கள நான் அங்கதான் ஓடச் சொல்லணும். அன்னைக்குப் பாலத்துக்கு ஓடினவங்க யாரும் திரும்பி வரல."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். பிறகு, "எழுத்துல ஆதாரம் இருக்கு மேடம். அத மாத்தணும்னா எழுத்துல குடுங்க."

5

தங்கை தெருவையே அழைத்துவிட்டாள். அன்று தண்ணீரில் நின்றவர்கள் வந்து சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும், எதுவரை நனைந்தது என்று தொட்டுக் காட்ட வேண்டும்.

ஓய்வு பெற்ற தபால்காரர் முதலில் நின்றார். "பேன்ட் முழுக்க. பெல்ட்டுல பாதி. பக்கிள் அப்புறம் துருப்பிடிச்சிருச்சு."

"எந்த பேன்ட்? இப்ப நீங்க போடற எடத்துலயா, அப்ப போட்ட எடத்துலயா?" என்றார் தையல்காரர். தெருவில் அவருக்கு 'அரை இஞ்ச்' என்று பெயர். யார் அளவு கொடுத்தாலும் அரை அங்குலம் கூட்டித்தான் வெட்டுவார். "வயித்தோட சேந்து பெல்ட்டும் எறங்கிருச்சு சார். ஒத்துக்கோங்க."

"உமக்கு எதுக்கு என் வயிறு?"

அரை இஞ்ச் கடைக்குப் போய், அட்டை உப்பிய ஒரு நோட்டோடு வந்தார். அவருடைய பழைய அளவு நோட்டு. உச்சி அலமாரியில் இருந்ததால் அன்று நனையாமல் தப்பியது. "தபால்காரர், காக்கி பேன்ட், நீளம் நாப்பது. அந்த வருஷம்தான். கணுக்கால்லேந்து தரைக்கு ரெண்டு சேத்துக்கோ தங்கச்சி."

நாற்பத்திரண்டு. தங்கை பென்சிலால் குறித்தாள்.

பேக்கரி அக்கா வந்து நின்றார். "எனக்கு நெஞ்சு வரைக்கும்."

"அவருக்கு பெல்ட்டு, உனக்கு நெஞ்சா?" என்றார் அரை இஞ்ச்.

"நான் குட்டைய்யா! தண்ணி ஆளப் பாத்தா நிக்கும்?"

குறித்துப் பார்த்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட இல்லை. அடுத்து நின்ற நான்கு பேரும் அங்கேயேதான் வந்து சேர்ந்தார்கள்.

"எழுத்தாளர் சாரும் நிக்கட்டும்" என்றது யாரோ.

நின்றேன். கழுத்தைத் தொட்டேன். அரை இஞ்ச் அளந்தார். ஐம்பத்தெட்டு.

பேக்கரி அக்கா என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார் நின்ன எடத்துல மட்டும் கடல் எக்கிப் பாத்துச்சோ?"

தெரு சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

6

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். 'கதாபாத்திரத்தின் நம்பகத்தன்மை' பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதி இந்த இடத்தை நிரப்பியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அதனால் அடித்துவிட்டேன்.)

கிடங்குக்குள் கூட்டிப் போய்த் தங்கை கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, அன்னைக்கு நீ ஊர்லயே இல்ல."

நான் பலகையில் எழுதியிருந்த அலை நேரத்தைப் படித்தேன்.

"காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த. மூணாவது மாடி. லைன் சரியானதும் உனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னது நான். கழுத்து வரைக்கும் வந்துச்சு அண்ணான்னு அழுதேன். அது என் கழுத்து. எனக்குப் பத்து வயசு."

"இத்தன வருஷமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"வெறும் கதையா இருந்த வரைக்கும் வச்சுக்கோன்னு விட்டுட்டேன். இப்ப அத நம்பிப் பிள்ளைங்க ஓடப் போறாங்க." ஒரு தாளையும் பேனாவையும் முன்னால் தள்ளினாள். "ஒரு வரி போதும். நீ எழுதிக் குடுத்தாலும் குடுக்கலன்னாலும் வெள்ளிக்கிழம காலைல அந்தச் சுவத்துல பிரஷ் புடிக்கப் போறது நான்தான். கோடு நாப்பத்திரண்டுலதான். ஆனா நீ எழுதலன்னா அவங்க அத அழிச்சுட்டு மேல ஒண்ணு போடுவாங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருப்பது இது.

7

முடிவுகள் இரண்டு தயாரித்தேன். ஒன்றில் இயக்குநர் மனம் திருந்திக் கண்கலங்குகிறார். (அவரைச் சந்தித்தவர்கள் மன்னிக்கவும்.) இன்னொன்றில் நான் விழா மேடையேறி உண்மையைச் சொல்ல, கூட்டம் கைதட்டுகிறது. பொய் சொன்னதற்கு ஒரு கைதட்டல், ஒப்புக்கொண்டதற்கு இன்னொன்று. இரண்டையும் நானே வாங்கிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

இன்று வியாழக்கிழமை. தங்கை கேட்ட வாக்கியம் இதோ:

அந்தக் கழுத்து என்னுடையதல்ல. பத்து வயதில் தண்ணீரில் நின்ற என் தங்கையுடையது.

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதற்குமேல் நாளை நடப்பது என் கையில் இல்லை, அதை எழுதும் தகுதியும் எனக்கில்லை. நீங்கள் அந்தத் தெருப்பக்கம் போனால் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். நீலக் கோடு தரையிலிருந்து நாற்பத்திரண்டு அங்குலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அரை இஞ்சிடம் டேப் வாங்கிக்கொள்ளலாம், அவர் கூட்டுகிற அரை அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். அதற்கும் மேலே இருந்தால், கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கே நிற்கிற பிள்ளைகளுக்குச் சங்கத்துப் படியைக் காட்டுங்கள்.