ஒண்டு வாங்கிறவன் மடையன்

என் வீட்டுக்காரர் இளையதம்பி தன் வாழ்நாளில் மனம் ஒப்பி ஒரேயொரு பொருளைத்தான் ஒற்றையாக வாங்கியிருக்கிறார். அது என் தாலிக்கொடி. அன்றைக்கு நகைக்கடைக்காரன் இரண்டெடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லாமல் விட்டது நான் செய்த புண்ணியம்.

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருசம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இவர். களஞ்சியச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்த கையோடு நாட்டில் தட்டுப்பாடு தொடங்கியது. கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஊர் முழுக்கத் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது இவர் முகத்தில் மட்டும் ஒரு களை வந்தது. மனிசனுக்குத் திரும்பவும் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்கு மூன்று அறை. நடு அறையைக் களஞ்சியமாக்கினார். காத்தான்குடியில் ஆதம்பாவா காக்காவின் மொத்தக் கடையிலிருந்து கிழமைக்கொரு தரம் இழுவைப் பெட்டி கொழுவின லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் சாமான் வந்து இறங்கும். சீனி மூட்டை, பருப்பு மூட்டை, மா மூட்டை, குளிக்கிற சவர்க்காரம் பெட்டி பெட்டியாக, நெருப்புப் பெட்டி ஊருக்கே தீ வைக்கக் காணுமான அளவு. எங்கெங்கோ ஆள் பிடித்து நான்கு கேஸ் சிலிண்டர் வேறு. ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கரால் திகதி எழுதுவார். அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார்.

"இஞ்ச பாரு, ஒரு கிலோ, ரெண்டு கிலோவெண்டு வாங்கிறவன்ர காசிலதான் கடைக்காரன் மாடிவீடு கட்டுறான். ஒண்டு வாங்கிறவன் மடையன்" என்பார். எதிர்வீட்டு அன்னப்பூரணி கால் கிலோ பருப்புப் பையோடு படலையைக் கடக்கும்போதுதான் இதைச் சத்தமாகச் சொல்வார்.

களஞ்சியத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. பழசு முடியாமல் புதுசைத் தொடக்கூடாது. கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் பழசு முடிவதற்குள் புதுசும் பழசாகிவிடும். மூன்று வருசமாக நாங்கள் வண்டு பிடித்த பருப்பையும் கட்டிபட்ட மாவையும்தான் தின்றோம். புதுப் பருப்பு எப்படி மணக்கும் என்பதே எனக்கு மறந்து போனது. இதற்கிடையில் கடையில் விலை இறங்கி, இவர் கொடுத்த விலையில் பாதிக்கு அன்னப்பூரணி நல்ல பருப்பாக வாங்கிக் கறி வைத்தாள். அதைச் சொன்னேன்.

"அது தற்காலிகம்" என்றார்.

"வண்டு?"

"வண்டும் சத்துத்தான். காசு குடுக்காமக் கிடைக்கிற சத்து."

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அந்த நான்கு சிலிண்டரும்தான். நான்கும் நிறைந்து, ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. நான் குசினியில் ஈரவிறகை ஊதிக்கொண்டு இருக்கிறேன். ஒன்றைத் தாருங்கள் என்று கேட்டால், "அவசரத்துக்கு இரிக்கட்டும்" என்பார். கண் இரண்டும் கொவ்வைப்பழமாகச் சிவந்து நிற்கும்போது ஒருநாள் கேட்டேன், இதைவிட என்ன அவசரம் வரவேண்டும் என்று. "நீ அவசரத்தைக் கண்டதில்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊதுகுழல் கையில் இருந்தது அவருடைய நல்ல காலமில்லை. ஆனாலும் ஒன்றும் செய்யவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மகள் யசோதினிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தன்னாமுனைப் பொடியன், பெயர் சிவதர்ஷன். சவர்க்காரக் கம்பனியொன்றுக்காக மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போய் ஓடர் எடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழமை. மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுக்கு. தாய் தகப்பன் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டியதுதான். அதில் எங்களுக்கும் மறுப்பில்லை, அவர்களுக்கும் மறுப்பில்லை. பேச்சு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமினார்.

"வீடு சரி. கைக்காசா என்ன நினைச்சிரிக்கிறயள்?"

இவர் எழும்பினார். அரைஞாணில் இருந்து சாவியை எடுத்து, நடு அறையைத் திறந்து, லைற்றைப் போட்டார். வந்தவர்கள் எல்லாரும் வாசலில் குவிந்து பார்த்தார்கள்.

"காசு இண்டைக்கு ஒரு பெறுமதி, நாளைக்கு ஒரு பெறுமதி. சாமான் அப்பிடியில்ல. இந்த வீடும், வீட்டுக்க இரிக்கிற எல்லாமும் மகளுக்குத்தான்."

தாய்மாமன் மூட்டைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு கைக்காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளைப் பொடியன் மட்டும் ஒரு சவர்க்காரப் பெட்டியிடம் குனிந்து, அதில் எழுதியிருந்த திகதியை வாசித்துவிட்டு வந்து இருந்தார்.

பின்வீட்டைக் கட்டத் தொடங்கினோம். இரண்டு அறை, ஒரு குசினி. சாமான் வைக்கிற அறை மட்டும் கட்டிப்போடக் கூடாது என்று மேசன் லக்ஷனிடம் நான் தனியாகச் சொல்லி வைத்தேன். அறை இரண்டுக்கும் பழைய வீடு கட்டின காலத்தில் மொத்தமாக வாங்கி மிஞ்சிக் கிடந்த யன்னல்களைப் பொருத்திப் பூட்டினார்கள். "பாத்தியா, பாத்தியா" என்று இவர் ஒரு கிழமை என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. குசினிக்குத்தான் யன்னல் இல்லை. லக்ஷன் வாவிப்பக்கமாக நல்ல அகலத்தில் ஓட்டை விட்டிருந்தார். குசினி வாசலுக்கு நிலையும் வைத்திருந்தார். யன்னல் ஒன்று, கதவு ஒன்று வாங்க வேண்டியதுதான் மிச்சம்.

இவர் அலுமினியக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். ஒன்றென்றால் முழு விலை. ஆறெடுத்தால் பதினைந்து வீதம் குறைப்பு.

"எங்களுக்கு ஒண்டுதானே வேணும்" என்றேன்.

"அதுதான் பிரச்சினை. ஒண்டு வாங்கிறவன் மடையன்."

"அப்ப ஆறை வாங்குங்க."

"ஆறை என்னத்துக்கு? எங்க பூட்டுற?" என்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆக, ஒன்று வாங்கினால் நட்டம், ஆறு வாங்கினால் வீண். ஓட்டையில் வெறும் அரிசிச்சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். கதவுக்கும் அதே கணக்குத்தான் என்று நிலையில் ஒரு பழைய போர்வை தொங்கியது.

கலியாணம் நன்றாக நடந்தது. நாங்கள் பின்வீட்டுக்கு மாறுகிற அன்று, இவர் இரண்டு கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு நடு அறைக்குப் போனார். சபையில் சொன்னது சபைக்கு என்றும், சாமான் தன்னோடு வரும் என்றும் மனிசன் நினைத்திருக்கிறார். யசோதினி வாசலை மறித்து நின்றாள்.

"வீட்டுக்க இரிக்கிற எல்லாமும் எண்டுதானே சொன்னீங்க அப்பா."

"அது ஒரு கதைக்குச் சொன்னது மகள்."

"அவங்கட மாமா அதைக் கதையா எடுக்கல்ல. கைக்காசு கேக்காம எழும்பிப் போனது அதாலதான்."

அவள் கையை நீட்டினாள். இவர் அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போய் அவிழ நேரம் எடுத்தது. எனக்கு அந்த நேரம் மனிசனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நான்கு சிலிண்டரும் நினைவுக்கு வந்ததும் அது போய்விட்டது.

மகள் அன்று பின்னேரமே ஒரு சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "குடுத்ததைத் திருப்பி வாங்கிற பழக்கம் நமக்கில்ல" என்று இவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு மீண்டும் விறகடுப்பு. வாவிக் காற்று அடித்தால் சாக்கு உள்ளே ஊதிக்கொண்டு வந்து, வெளியே போன புகையையும் கூட்டிக்கொண்டு என் முகத்தில் விடும். இவரோ மூலைக் கடையில் ஒரு சவர்க்காரம், நூறு கிராம் தேயிலை என்று வாங்கிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போய் வருகிற முகத்தோடு வருவார். புதுத் தேயிலையில் போட்ட தேத்தண்ணீர் எனக்கு அமிர்தமாக இருந்தது. யன்னல் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் வேறொன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

ஒருநாள் மருமகன் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

"மாமி, அந்த யன்னலை நான் வாங்கித் தாறன்."

"வேணாம் தம்பி. கலியாணம் முடிச்சு ஒரு மாசத்தில மருமகனிட்ட யன்னல் வாங்கினனெண்டு ஊர் சிரிக்கும். உங்கட மாமாட்டக் காசு இல்லாம இல்ல. பென்சன் காசு வங்கியிலதான் கிடக்கு. அவர்ட காசிலதான் எனக்கு யன்னல் வேணும்."

"மாமா தரமாட்டார் மாமி."

"சும்மா கேட்டாத் தரமாட்டார்தான். அந்த ரூமுக்க இரிக்கிற சாமானை அவருக்கு வித்துப்போடுங்க."

மருமகன் திகைத்துப் போனார். "அது மாமாட சாமான்தானே?"

"ஓம். அதுதான் சொல்லுறன். அவருக்கு அதில நல்ல விருப்பம்."

நடு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கடைக்காரரோடு கதைக்கிற அந்தச் சிரிப்பு மெல்ல வந்தது. "எத்தனை வீதம் குறைக்கிற மாமி?"

"எத்தனையெண்டாலும் பறவாயில்ல. குறைப்பெண்டு சொன்னாக் காணும்."

அடுத்த நாள் காலமை இவரை மருமகன் நடு அறைக்குக் கூட்டிப் போனார். அரைமணித்தியாலத்தில் இவர் வளவைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"இஞ்ச கேளு. எல்லாச் சவர்க்காரப் பெட்டியையும் ஒண்டா எடுத்தா முப்பது வீதம் குறைப்பாம். இண்டைக்கு மட்டும்தானாம். நான் அண்டைக்கு வாங்கின விலையை விடக் குறைய வருது. அதே பெட்டி. என்ட கையெழுத்துக்கூட இரிக்கி."

"அப்ப அது உங்கட பெட்டிதானே?"

"என்ட பெட்டியெண்டபடியாத்தானே தரம் தெரியும்" என்றார். குடுத்ததைத் திருப்பி வாங்கிற பழக்கம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சும்மா வாங்கினால்தான் வெட்கம், குறைத்து வாங்கினால் கெட்டித்தனம் என்று சொல்லியிருப்பார்.

பத்து மணிக்கு வங்கிக்குப் போய்க் காசை எடுத்துவந்து மருமகனின் கையில் வைத்தார். பெட்டிகளைத் தூக்க ஆயத்தமானபோது நான் பின்வீட்டு நிலையில் குறுக்கே நின்றேன். ஒரு பெட்டி இந்த வீட்டுக்குள் வந்தாலும் நான் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். சும்மா சொல்லவில்லை.

"அங்கேயே இரிக்கட்டும் மாமா" என்றார் மருமகன். "வேணுமான நேரம் வந்து எடுங்க."

இவர் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, வாடகைகூடக் கேக்கல்ல. இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பொடியன் கிடைக்குமா?" என்றார். அந்தப் பெட்டிகள் மூன்று வருசமாக இருந்த இடத்தை விட்டு ஒரு விரல்கூட அசையவில்லை. ஆனால் மனிசன் அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

யசோதினி காசுக் கவரைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அடுத்த நாள் இவர் கரண்ட் பில் கட்டப் போன நேரம் பார்த்து லக்ஷன் யன்னலைக் கொண்டுவந்து பூட்டிவிட்டார். சாக்கைக் கழற்றி எறிந்தேன். இரண்டு கண்ணாடியையும் அகலத் தள்ளினேன். புகை ஒரு பக்கத்தால் போக, வாவிக் காற்று மற்றப் பக்கத்தால் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படியில் புகையில்லாமல் நான் விட்ட முதல் கண்ணீர் அதுதான்.

இவர் வந்து யன்னலைக் கண்டார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார்.

"ஆர்ட காசு?"

"மருமகன் தந்த காசு." அதில் ஒரு பொய்யும் இல்லை.

"நல்ல பொடியன். எத்தினை வாங்கினது?"

"ஒண்டு."

தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே அடுப்படிப் பலகையில் இருந்துவிட்டார். "ஒண்டா? ஆறெடுத்தாப் பதினைஞ்சு வீதம் குறைப்பெண்டு நான் சொல்லிப்போட்டுத்தானே இரிக்கன். பில் எங்க?"

பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். சோற்றைக்கூடத் தின்னாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் நான் கறிக்குத் தாளித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். என் புது யன்னலுக்கு வெளியே லாண்ட்மாஸ்டர் ஒன்று வளவுக்குள் திரும்பிக்கொண்டு இருந்தது. அதன் இழுவைப் பெட்டியில் ஐந்து அலுமினிய யன்னல். அவற்றின் நடுவில் இவர் ஒரு கையால் பிடித்தபடி நின்று வருகிறார். முகமெல்லாம் பல்.

"கடைக்காரனோட கதைச்சு, முதல் வாங்கின ஒண்டையும் சேர்த்து ஆறாக்கிட்டன். எல்லாத்துக்கும் குறைப்பு."

"எங்க பூட்டப் போறீங்க?"

"இரிக்கட்டும். யன்னலுக்கு வண்டு வராதுதானே."

வெயில் படாத இடம் குசினிச் சுவர்தான் என்று பார்த்து, ஐந்தையும் என் யன்னலின் முன்னால் சாய்க்கச் சொன்னார். கூலியாள் முதலாவதைக் கொண்டுவந்து வைத்தான். காற்று நின்றது. இரண்டாவதை அவன் தூக்குவதற்கு முன் நான் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, பெரிய வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"தம்பி, மாமாட யன்னல் அஞ்சு வந்திரிக்கி. உங்கட ரூமுக்க எடுத்து வையுங்க. அதுக்கயெண்டாப் பாதுகாப்பு."

"ஓமோம், அது நல்ல யோசனை" என்றார் இவர்.

மருமகன் வந்தார். ஐந்து யன்னலையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நிலையில் ஆடிக்கொண்டு இருந்த போர்வையைப் பார்த்தார். பிறகு கடைக்காரரோடு கதைக்கிற அதே சிரிப்போடு என் பக்கத்தில் வந்து, இவருக்குக் கேட்காமல் கேட்டார்.

"கதவு என்ன விலை வரும் மாமி?"