பெரியத்தா பெயரில் போன டப்பா

"எடுத்துட்டுப் போ புள்ள அந்தக் கருமத்தை! நான் சோறு திங்கணுமா வேண்டாமா?"

என் பெரியத்தா, அதாவது பெரியப்பா, ராஜா முகம்மது இப்படித்தான் கத்தினார். அவர் தட்டுக்குப் பக்கத்தில் நான் வைத்தது காலி டப்பா. கட்டைவிரல் அளவு, வெள்ளை மூடி, உள்ளே ஒரு குட்டிக் கரண்டி. ஒன்றுமே இல்லாத டப்பாவுக்கே இந்த ஆட்டம்!

"காலிதான் பெரியத்தா. நாளைக்குக் காலையில போறப்ப அந்தக் கரண்டியால கொஞ்சூண்டு..."

"சொல்லாத! வாய மூடு!"

இத்தனைக்கும் கம்பம் மெயின் ரோட்டில் கக்கூஸ் பைப்பும் பீங்கானும் விற்கிற கடை அவருடையது. ஊரில் பாதிப் பேர் தினமும் காலையில் உட்காருவது அவர் விற்ற பீங்கானில்தான். அதில் விழுகிற சமாச்சாரத்தை மட்டும் யாரும் பேசக் கூடாது. ஆள் அத்தர் பூசாமல் வாசலைத் தாண்ட மாட்டார்.

நான் ஷர்மின். இருபத்துமூன்று வயது, லேப் டெக்னீஷியன். நாலு தெரு தள்ளி இருக்கிறோம். பெரியத்தாவுக்கு மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது என்று பெரியம்மா லத்திபாதான் என் காதில் போட்டார். பெரியத்தா அதற்கு வைத்திருந்த பெயர் சூடு. வெந்தயம், மோர், அப்புறம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டிய ஒரு மூல வைத்தியர் கொடுத்த லேகியம். மூடியைத் திறந்தால் டயர் எரிந்த நாற்றம். அதை நக்கி நக்கித் தின்கிற மனிதருக்கு என் டப்பா அசிங்கம்!

ரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும். மூலமாகவும் இருக்கலாம், குடல் புற்றாகவும் இருக்கலாம், பார்க்காமல் தெரியாது. அவர் போகிற ஆளில்லை. டப்பாவையாவது கொடுக்கட்டும் என்று நாலு நாள் நடையாய் நடந்தேன்.

ஐந்தாம் நாள் ஸ்வீட் கடைப் பையில் சுற்றிப் பெரியம்மா கொண்டுவந்தார். டப்பாவைத் துடைத்து, மேலே பெரியத்தா பெயரையும் எழுதியிருந்தார்.

"குடுத்துட்டாகளா?" எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்க் போட்டு, மூச்சைப் பிடித்து, மூடியைத் திறந்தேன். மல நாற்றம் எனக்குப் பழகினதுதான், ஆனால் இது வேறு மாதிரி அடித்தது. அழுகின இறைச்சிக் கழிவு மாதிரி. கரைத்து டெஸ்ட் கார்டில் ஒரு சொட்டு விட்டதும் இரண்டு கோடு விழுந்தது. ரத்தம் இருக்கிறது.

டப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதரிடம் இதைச் சொல்ல முடியுமா? பெரியம்மாவிடமும் என் அத்தாவிடமும் மட்டும் சொன்னேன். பெரியம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். புருஷனை நினைத்துப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அத்தா தன் அண்ணனிடம் டப்பாவைப் பற்றி மூச்சு விடாமல், "ரத்தம் போகுதுல்ல, சும்மா ஒரு செக்கப்" என்று தேனிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க, குடல் காலியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு மருந்துத் தண்ணீர், இரண்டு லிட்டர். உப்பும் எலுமிச்சையும் சோப்பும் கலந்த ருசி. முந்தின நாள் சாயங்காலம் முழுக்கப் பெரியத்தா கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் ஓடினார். ஓட ஓட என்னைத் திட்டினார். உள்ளே இருந்து கேட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் குடலின் கடைசி வரை பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: சின்ன மூலம், வேறு ஒன்றுமில்லை.

பெரியத்தா மாப்பிள்ளை மாதிரி வீடு திரும்பினார்.

"வா ஆத்தா, பீ டாக்டரு! எந்தக் குடல்ல என்ன கண்டுபிடிச்ச?"

வீடே சிரித்தது. எனக்கு எரிந்தது. மூலமும் இரண்டு கோடு காட்டும்தான். ஆனால் அந்த நாற்றம்? கார்டின் காலாவதி தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"பெரியத்தா, இன்னொரு தடவ டப்பால குடுங்க. மறுபடி பார்த்துடுறேன்."

"இன்னொரு தடவையா? மொத தடவ எவன் குடுத்தான்? நான் அந்தக் கருமத்தைத் தொடவே இல்ல. உங்க பெரியம்மா ஆட்டுப் புழுக்கைய வச்சு அனுப்பியிருப்பா!"

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கார்டுக்கு ஆட்டு ரத்தம் தெரியாது. மனித ரத்தத்துக்கு மட்டும்தான் கோடு விழும். நான் அடுக்களைக்குள் போனேன். பெரியம்மா திரும்பாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அது யாருது பெரியம்மா?"

"மெதுவாப் பேசு."

"யாருது?"

"அவுக மாட்டேன்னுட்டாக. நீயும் தெனமும் வந்து நிக்கிற. எல்லாருதும் ஒண்ணுதானேன்னு..."

"ஒண்ணா? இதென்ன பிரியாணிப் பொட்டலமா, ஆள் மாத்திக் குடுக்க? உங்களுக்கு ரத்தம் போகுதா?"

"ஒரு வருசமா. சளி மாதிரியும் போகும். போயிட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்குற மாதிரியே இருக்கும்."

"ரெண்டு கோடுன்னு சொன்னப்பவே உங்களுதுன்னு தெரியும்ல?"

"தெரியும். மொதல்ல அவுக பார்த்துட்டு வரட்டும்னு இருந்தேன். நான் எங்கன போயி ஆம்பள டாக்டர்கிட்ட..."

லேபில் எத்தனையோ டப்பா திறந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அடுக்களையில் குமட்டியது மாதிரி எங்கேயும் குமட்டியதில்லை. ஒரு வருடமாக ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு, அதே கையோடு வந்து புருஷனுக்கு வெந்தயம் ஊறப்போட்டிருக்கிறார்!

பெண் டாக்டராகத் தேடிப் பிடித்தேன். அவரும் தேனியில்தான். பெரியம்மா அந்த இரண்டு லிட்டரையும் முகம் மாறாமல் குடித்தார். ஒவ்வொரு தடவை போய் வந்ததும் கக்கூஸை ஃபினாயில் ஊற்றிக் கழுவினார். திரையில் நானும் பார்த்தேன். ஆசனவாயிலிருந்து அரைச் சாண் மேலே, அழுகின காலிஃப்ளவர் மாதிரி ஒன்று, தொட்ட இடமெல்லாம் ரத்தம். கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதில் புற்றுநோய் என்றே வந்தது. ஸ்கேனில் கல்லீரலுக்குப் பரவவில்லை. வெட்டி எடுத்துக் குடலை ஒட்டிவிடலாம், ஒட்டின இடம் ஆறும் வரை சில மாதம் வயிற்றில் பை, அதில்தான் மலம் வரும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை அட்மிஷன்.

"நான் போகல" என்றார் பெரியம்மா.

"தள்ளிப் போட்டா பரவிரும் பெரியம்மா!"

"காலி டப்பாவையே தொடாத மனுசன். வயித்துல பீப் பையோட நான் பக்கத்துல படுத்தா மூஞ்சியச் சுளிப்பாக. அதைப் பாக்குறதுக்கு நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

வயிற்றில் கட்டி என்று மட்டும்தான் பெரியத்தாவுக்குச் சொல்லியிருந்தோம். நேராகக் கடைக்குப் போனேன். அடுக்கி வைத்த பீங்கான்களுக்கு நடுவில் நின்று, டப்பாவிலிருந்து பை வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ச்சீ! அவளுதையா என் பேரு எழுதிக் குடுத்தா?"

"பொண்டாட்டிக்குப் புத்துநோய்ங்கிறேன், உங்களுக்கு உங்க பேருதான் பெருசா? தூ!"

பெரியத்தாவைப் பார்த்து 'தூ' என்று சொன்னது நான்தான். அவர் எழுந்தார். பின்பக்க வாஷ்பேசினுக்குப் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தார்.

"லத்திபா, வியாழக்கிழமைக்கு வண்டி சொல்லியாச்சு. போகலைங்கிற பேச்சு வேணாம். ஆமா, எல்லாம் தெரியும். இனிமே என் பேருல எதையும் குடுத்தனுப்பாத."

அந்தப் பக்கம் பெரியம்மா குரல் எனக்கும் கேட்டது.

"நைட்டி எத்தன எடுத்து வைக்க?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையில ஒண்ணு வாங்கிட்டு வா புள்ள. இங்கன கடையில வச்சே கழட்டி மாட்டக் காட்டு. எனக்கு எப்படியும் குமட்டும். அது அவ முன்னால வரக் கூடாது."

"காலிப் பை போதுமா?"

"காலிப் பைய எவன் வேணாலும் கழட்டுவான். உள்ள இருக்கணும். நாறணும்."

பை வாங்கிவிட்டேன். நேற்று வேகவைத்த பருப்பை நிரப்பினேன், பசிக்கிறது என்றார். சாணியை நிரப்பினேன், சின்ன வயதில் இரண்டு மாடு வைத்திருந்தாராம், அசையவே இல்லை. லேபில் வருகிறது நோயாளிகளுடையது, வெளியே எடுக்கக் கூடாது. இன்றைக்குத் திங்கள், இன்னும் மூன்று நாள்தான். வியாழக்கிழமைக்குள் அவர் குமட்டிக் குமட்டி ஓய்ந்தாக வேண்டும். பேசாமல் நாளைக்குக் காலையில் என்னுடையதையே நிரப்பிக் கொண்டுபோய்விடலாம் என்று பார்க்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?