புத்தகத்தில் இல்லாத வலி

எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மாப்பிள்ளையின் தாய்மொழி ஸ்பானிஷ். அவருடைய அம்மாவுக்கு அதைத் தவிர வேறு பாஷை தெரியாது. பிரசவத்துக்குத் துணையாக வெளிநாடு போய்ச் சம்பந்தியம்மாவோடு ஒரே வீட்டில் மூன்று மாதம் ஊமையாக உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டு, என் மனைவிதான் என்னையும் சனிக்கிழமை ஸ்பானிஷ் வகுப்புக்கு இழுத்துப் போனாள். எனக்குத் தமிழிலேயே நாலு வார்த்தை இதமாகப் பேச வராது என்பது வேறு விஷயம்.

அன்றைக்குப் பாடம் உடம்பு வலி. டீச்சர் ஒரு கண்டிஷன் போட்டார்.

"ஒண்ணும் வலிக்கலைன்னு யாரும் தப்பிக்கக் கூடாது. ஆளுக்கொரு வலி சொல்லணும்."

முன் பெஞ்சிலிருந்த வங்கிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு, "மே துவேலே லா கபேஸா" என்றார். தலை வலிக்கிறதாம். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு கோணலாக நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

என் மனைவி நடிக்கவில்லை.

"டீச்சர், வலது கையில மூணு விரல் மரத்துப்போயிடுது, பிடிச்ச பொருள் தானா நழுவுதுன்னா எப்படிச் சொல்றது?"

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இல்லை. கொஞ்சம் யோசித்துப் போர்டில் எழுதிப் போட்டார். இவள் பேனாவைக் கரண்டி மாதிரி பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் ஏற்றினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் தையல் கடை வைத்திருக்கிறோம். நான் துணி வெட்டுவேன், அவள் பொத்தான் தைப்பாள், காஜா எடுப்பாள். நாலு மாதமாக அவள் வேலை இழுத்துக்கொண்டே போனது. "ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்க ஒரு யுகமா?" என்று வந்தவர்கள் முன்னாலேயே கத்தியிருக்கிறேன். அவள் கீழே விழுந்த ஊசியைத் தேடிக்கொண்டிருப்பாள். நானெல்லாம் ஒரு மனுஷனா என்றிருந்தது.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேங்க."

"கதை விடாதே. எந்த விரல்?"

கையை நீட்டினாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டும். நகத்தால் அழுத்தினேன். தெரியவில்லை என்று தலையாட்டினாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா, இங்கயே இருந்து வைத்தியம் பாருன்னு டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவீங்க."

செய்திருப்பேன்.

"அங்க போய்ச் சம்பந்தியம்மாகிட்ட மட்டும் சொல்லலாம்னு இருந்தேன். குழந்தைய என் கையில குடுக்கறப்ப நீங்களும் கூடப் பிடிச்சுக்கோங்கன்னு. நான் பாட்டுக்கு நழுவ விட்டுட்டா?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பக்கத்தில் ஆட்கள் நின்றதையும் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம், டிக்கெட் மேல் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

கடைக்கு வந்ததும் மிச்சத் துணிகளை இறுகச் சுருட்டி, மூன்று கிலோ இருக்கும் என்ற குத்துமதிப்பில் ஒரு மூட்டை கட்டினேன். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து அதைக் கையில் கொடுத்தேன். அவள் கைக்கு அடியில் என் கையை வைத்துக்கொண்டேன்.

"தலையைத் தாங்கிப் பிடி," என்று அதட்டினேன்.

"இதுல எதுங்க தலை?"

"சிவப்புத் துணி இருக்கே, அந்தப் பக்கம்."

அவள் முழங்கையை மடக்கி, சிவப்பைத் தன் தோளோரமாகச் சாய்த்துக்கொண்டாள். மூட்டை நழுவவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப உங்க கையை எடுங்க, பார்க்கலாம்."

"மாட்டேன்," என்றேன்.