மூன்று பேருக்கான வீடு

ஆறாவது மெத்தையை மாடிப்படியில் இறக்கும்போது ஜுனு குருங்கின் செருப்பு வழுக்கியது. கீழே நின்ற டம்பர் கார்க்கி மெத்தையைத் தலையால் முட்டுக்கொடுத்து நிறுத்தினான்.

"இதுக்குத்தான் உங்களைத் தலைவரா போட்டோம், டம்பரண்ணே," என்றாள்.

"பேசாம இறக்கு. பதினோரு மணிக்கு வந்துருவாங்க."

கான்சஸில் ஆகஸ்ட் வெயில் காலையிலேயே முதுகைச் சுட்டது. நேபாள மாணவர் சங்கத்துக்கு இந்த மாதம்தான் அறுவடைக் காலம். புதிதாக வருகிறவர்களை விமான நிலையத்தில் போய் அழைத்துவந்து, சோறு போட்டு, வீடு பார்த்துக் கொடுக்கும்வரை யார் வீட்டுத் தரையிலாவது படுக்கவைக்க வேண்டும். பல்கலைக்கழக விடுதி இருபதாம் தேதிதான் திறக்கும். ஆனால் பன்னிரண்டாம் தேதியே வந்து கையெழுத்துப் போடாவிட்டால் சேர்க்கை ரத்து. நடுவில் உள்ள எட்டு நாள் எங்கே படுப்பது என்று எந்தக் கடிதத்திலும் எழுதியிருக்காது.

இந்த வருடம் ஆறு பேர் ஜுனு வீட்டில். அவளுடைய அறைத்தோழிகள் இருவரும் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டதால் இடம் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர்தான். அதற்கு மேல் ஆள் தங்கியது தெரிந்தால் காலி செய்ய வேண்டும். கல்லூரி திறக்கும் மாதத்தில் இந்த ஊரில் வேறு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆராய்ச்சியின் கடைசி வருடத்தில் இருந்த ஜுனுவுக்கு அது நன்றாகத் தெரியும்.

குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்திலிருந்து வீடு பார்க்க வருவதாக முந்தின நாள்தான் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். மெத்தைகளும் பெட்டிகளும் டம்பரின் வண்டிக்குள் போயின. புதியவர்களை ஜுனு வாகன நிறுத்தத்துக்கு அப்பாலிருந்த மரத்தடிக்கு அனுப்பினாள்.

"அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும் யாரும் மேல வரக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா," என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவன் லோகேந்திரா புடா. நேபாளத்து மலையூரான ஜும்லாவில் நாலு வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். வந்து ஐந்து நாளாகியும் காலையில் எழுந்ததும் வீடு முழுவதும் பெருக்கிவிட்டுத்தான் தேநீர் குடிப்பான்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய வண்டி வந்து நின்றது. அறுபது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினார். தொப்பி, அழுக்குக் கால்சட்டை, இடது முழங்காலில் பட்டை. பின்பக்கத்திலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் படியை நோக்கி நடந்தார்.

லோகேந்திரா எழுந்து ஓடினான். அவன் ஊரில் அதிகாரி என்றால் முன்னால் ஒருவர் பின்னால் இருவர் வருவார்கள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறவர் அதிகாரியாக இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"கொடுங்கம்மா, நான் தூக்கறேன். எந்த வீடு?"

"ரெண்டாவது மாடி, மூணாம் நம்பர். புகை வந்தா அடிக்கிற மணியை மாத்தணும்."

"அட, அது நம்ம வீடுதான்! வாங்க வாங்க."

"நீயும் அங்கதான் இருக்கியாப்பா? எத்தனை பேரு?"

"இப்போதைக்கு ஏழு பேரு. எங்க அக்கா வீடு. வந்தவங்களுக்கெல்லாம் அவங்கதான் சமைச்சுப் போடறாங்க. இந்த மாதிரி மனசு யாருக்கு வரும், சொல்லுங்க!"

கதவுக்கு உள்ளே நின்றிருந்த ஜுனு இதையெல்லாம் கேட்டாள். லோகேந்திரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெட்டியைப் பதமாக இறக்கிவைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும்தான் அவர்தான் அதிகாரி என்று அவனுக்கு விளங்கியது. ஒரு கணம் அவளுக்கு அவனைப் பளாரென்று அறைய வேண்டும்போல இருந்தது.

கார்லா என்ற அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"இவன் சொன்னது என் காதுல விழலைன்னு வச்சுக்கலாம் பொண்ணே. ஆனா கீழ கேமரா இருக்கு. நீங்க மெத்தை இறக்கினதை ஆபீஸ்ல பார்த்துட்டுத்தான் என்னைச் சீக்கிரம் போகச் சொன்னாங்க. நான் எழுதலைன்னா என் வீடு போயிடும். எனக்கும் அவங்கதான் வீடு கொடுத்திருக்காங்க."

புகை மணியை மாற்றிவிட்டு, ஜுனு கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் கடிதம் வந்தது. ஐந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

ஜுனு காலையில் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினாள். மதியம் புதியவர்களுக்காக வீடு தேடினாள். ஒவ்வொருவராக இடம் கிடைத்துப் போனார்கள். கடைசியாக அகப்பட்டது மூன்று ஆண்கள் இருந்த ஒரு வீட்டில் நாலாவது கட்டில்.

"நீங்க போங்கக்கா. என்னாலதானே எல்லாம்," என்றான் லோகேந்திரா. அவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"மூணு ஆம்பளைங்களுக்கு நடுவுலயா? எங்கம்மா விமானம் பிடிச்சு வந்து உதைப்பாங்க. பெட்டியைக் கட்டு."

தனக்கென்று அவள் கேட்ட இடமெல்லாம் நிரம்பியிருந்தது. சங்கத்துக்காரர்கள் வீடுகளில் கூடம்வரை புதியவர்கள் படுத்திருந்தார்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் போனாள். அங்கிருந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார்.

"வீடு விஷயம் எங்க பொறுப்புல வராதேம்மா. விடுதியும் நிரம்பிடுச்சு. வெள்ளிக்கிழமை புது மாணவர் வரவேற்புக்கு வந்துடுவேல்ல? உன் படம் போட்டிருக்கோம்."

வெள்ளிக்கிழமை காலை பெட்டிகளை டம்பரின் வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, சங்கத்தின் சிவப்பு மேலாடையைப் போட்டுக்கொண்டு ஜுனு மண்டபத்துக்குப் போனாள். திரையில் அவள் வீட்டுக் கூடம் பெரிதாகத் தெரிந்தது. வரிசையாக ஆறு மெத்தைகள், மேலே ஆறு பேர், நடுவில் பருப்புப் பாத்திரத்துடன் அவள்.

"நம்ம பல்கலைக்கழகத்துல புதுசா வர்ற யாரும் ஒரு நாள்கூடத் தெருவுல நின்னதில்லை," என்றார் அந்த அம்மாள். "நாம ஒரே குடும்பம்!"

மண்டபம் கைதட்டியது. ஜுனு எழுந்து தலை குனிந்து வணங்கினாள்.

தங்க இடம் வேண்டியவர்கள் பெயர் எழுதும் தாளை டம்பர் முதல் வரிசையில் கொடுத்தான். அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஜுனுவிடம் வந்தது. பதினாலு பெயர்கள். எத்தனை நாளைக்கு என்ற கட்டத்தில் நாலு நாள், ஒரு வாரம், விடுதி திறக்கும்வரை என்று விதவிதமான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அவள் பேனாவைத் திறந்து பதினைந்தாவதாகத் தன் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தாளை டம்பரிடம் நீட்டினாள்.