இரண்டாவது ஜெட்

வெள்ளிக்கிழமையில் மங்கலம்பேட்டையில் மெக்கானிக்கைத் தேடுவதும் அமாவாசையில் நிலாவைத் தேடுவதும் ஒன்றுதான். பெரிய தெருவில் இருந்தவர் ஜும்ஆத் தொழுகை நாள் என்று கடையைத் திறக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இருந்தவர், "நாலு வருசம் நின்ன வண்டியா? ரெண்டு நாளு வுட்டுட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார். ரெண்டு நாளுக்கு ஹுமைரா எங்கே போவாள்? அவளிடம் இருந்தது மூன்று மணி நேரம்.

மதியம் இரண்டு மணிக்கு விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், ராஜாங்கத்தின் யூனிட்டில் சூளை திறக்கிறார்கள். திறக்கும்போது அவள் அங்கே நிற்க வேண்டும். பீங்கானுக்குப் பளபளப்பு தருகிற கிளேஸ் பூசுகிற பகுதிக்கு சூப்பர்வைசர் வேலை. விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, நிக்காஹ் ஆகி, ஆறு வருசமாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்கு இது சும்மா வந்த வேலை இல்லை. பதினோரு இடத்தில் கேட்டு, பன்னிரண்டாவது இடத்தில் கிடைத்தது. ராஜாங்கம் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"வண்டி இருக்குதாம்மா? சூளைக்கு நேரம் காலம் கெடையாது. விடியக்காலம் நாலு மணிக்கு வான்னா வரணும். பஸ்ஸ நம்பி வர்றவங்கள நான் வச்சிக்கறதில்ல."

"இருக்குது சார்."

"அப்ப வெள்ளிக்கெழம வண்டியிலயே வாங்க. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்ட்டுடுவேன்."

இருந்தது என்னவோ உண்மைதான். புருஷன் ரயீஸ் ஷார்ஜாவுக்குப் போன நாளிலிருந்து அவளுடைய ஸ்கூட்டி பின்கட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஓடுமா என்று ராஜாங்கம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மெக்கானிக் இல்லை என்றால் என்ன, புருஷனே மெக்கானிக்தானே. பத்து வருசம் இதே ஊரில் கடை வைத்திருந்தவன், இப்போது ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். முந்தின நாள், "சரி, போ. நாளைக்கு எனக்கு லீவுதான். வீடியோவுல சொல்றேன், நீயே கழட்டிடலாம்" என்று அவனே சொன்னான். அந்த ஒரு 'சரி'க்கு ஹுமைரா எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? வேலை கிடைத்ததற்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்தாள். சீட்டைக் கழற்றி, கேபிளை விடுவித்து, கார்புரேட்டரை வெளியே எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அடியில் இருக்கிற கிண்ணத்தைத் திறந்தால், நாலு வருசத்துப் பெட்ரோல் வற்றிப் போய் கருப்பட்டிப் பாகாட்டம் ஒட்டிக் கிடந்தது. அந்த நாற்றத்தில் அவளுக்குக் கண் எரிந்தது.

"ஸ்க்ரூவ அழுத்திப் புடிச்சித் திருப்பு. மண்ட போச்சுன்னா அப்புறம் வராது" என்றான் ரயீஸ். "அவசரப்படாத. அவசரத்துல அண்டாவுலயும் கை போவாது."

"மணி பதினொன்னே முக்காலுங்க."

"பாத்துக்கலாம், நான்தான் இருக்கறனே."

எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்! பக்கத்து வீட்டு அமுதவள்ளி தன் வண்டியிலிருந்து அரை பாட்டில் பெட்ரோல் கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் வண்டி பார்த்த மனுசன், கட்டனவளுக்கு மட்டும் போன்ல பார்க்கறாரு" என்று கேலி செய்துவிட்டுப் போனாள். ரயீஸும் அங்கே சிரித்தான். மிதவையை எடுக்கச் சொன்னான், எடுத்தாள். நடுவில் இருந்த, பெட்ரோல் பீய்ச்சுகிற பித்தளை ஜெட்டைக் கழற்றச் சொன்னான், கழற்றிப் பெட்ரோலில் கழுவினாள். துளையை வாயால் ஊதும்போது நாக்கெல்லாம் பெட்ரோல் கசந்தது. அந்த ஜெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை ஆழமாக இருந்தது.

"இதுக்குள்ளயும் என்னமோ இருக்குதுங்களே?"

"அது டம்மி. தொடாத. தொட்டா கார்புரேட்டரே வீணாப் போயிடும்."

தொடவில்லை. எல்லாவற்றையும் பூட்டி, சோக்கைப் போட்டு உதைத்தாள். ஒன்பதாவது உதைக்கு வண்டி பிடித்தது. சோக்கை எடுத்ததும் அணைந்துவிட்டது. மறுபடி உதைத்தாள், மறுபடி அணைந்தது. பிளக் என்றான், பிளக்கைத் தேய்த்தாள். ஏர் பில்டர் என்றான், அதைத் தட்டி மாட்டினாள். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் செத்துப்போகிறது. மணி பன்னிரண்டரை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளாட்டம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எதையாவது எடுத்து எதிலாவது அடிக்கலாம் போல இருந்தது.

"வுடு ஹுமைரா, வண்டிக்கு வயசாயிடுச்சி" என்றான் ரயீஸ். "ரம்ஜானுக்கு வந்து நானே பார்க்கறேன். அவுருகிட்ட அப்புறமா வரேன்னு சொல்லிடு."

அவள் போனைப் பார்த்தாள். அவன் முகத்தில் வருத்தமே இல்லை. பரீட்சை தள்ளிப்போன பையனுக்கு வருமே, அந்த நிம்மதிதான் இருந்தது. அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனால் சுருக்கென்றது.

படிக்கிற காலத்தில் கிளேஸ் அடிக்கிற ஸ்ப்ரே கன் ஒன்று இருந்தது. லீவு முடிந்து வந்தால் அதற்கும் இதே நோய்தான். முழுசாக அழுத்தினால் பீய்ச்சும், லேசாக அழுத்தினால் ஒன்றும் வராது. பெரிய வழி திறந்திருக்கும், சின்ன வழி அடைத்திருக்கும். ஹுமைரா அந்த இரண்டாவது ஓட்டையை நினைத்தாள்.

"என்ன பண்ற? எங்க போற?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. கார்புரேட்டரை மறுபடி வெளியே எடுத்தாள். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆன வேலை, இப்போது பத்து நிமிசத்தில் முடிந்தது. தையல் மிஷின் டப்பாவிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை அந்த ஓட்டைக்குள் விட்டாள். அடியில் ஒரு பிளவு தட்டுப்பட்டது. அழுத்தித் திருப்பினாள், திரும்பியது. தீக்குச்சிப் பருமனில் ஒரு பித்தளைத் துண்டு உள்ளங்கையில் வந்து விழுந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், வெளிச்சம் வரவில்லை. பழைய சார்ஜர் ஒயரைச் சீவி, ஒற்றைச் செம்பு இழையை உருவி, துளைக்குள் விட்டு விட்டு எடுத்தாள். பெட்ரோலில் அலசி ஊதினாள். இந்தத் தடவை ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

அதைப் போனுக்கு நேராகப் பிடித்தாள்.

"டம்மிக்குள்ள ஜெட்டு இருக்குதுங்க."

அவன் அறையில் யாரோ குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான்.

"நேத்து நீங்கதான சரின்னீங்க?"

"சொன்னேன். சொல்லிட்டு அப்புறம் தூக்கமே வரல. நாலு மணிக்கு அந்த ரோட்டுல நீ தனியா..." நிறுத்திவிட்டு, கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "அது மட்டும் இல்ல. நீயும் சம்பாரிச்சிட்டா, வூட்ட வுட்டுட்டு நான் இங்க எதுக்குக் கெடக்கறேன்னு தோணிச்சி. வேணாம்னு சொல்ல வாய் வரல, புள்ள."

"வாய் வரலன்னா? வேணாம்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன். இப்பிடி உக்காத்தி வச்சி பிளக்கத் தொடை, பில்டரத் தட்டுன்னு..." வேண்டாம் என்று அவன் நினைத்ததுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பொறுமைதான் நெஞ்சில் எரிந்தது. ஒன்றரை மணி நேரம் எவ்வளவு அன்பாகச் சொல்லிக்கொடுத்தான்! அத்தனையையும், வண்டி ஓடாது என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான்.

தானே எல்லாவற்றையும் பூட்டினாள். எது எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. ஒன்று பத்துக்கு உதைத்தாள். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. சோக்கை எடுத்தாள், அணையவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அமுதவள்ளி, "ஓடுதாடி? நில்லாம போயிடு, மணியாவுது" என்று குரல் கொடுத்தாள். ஹுமைரா கையைக் கழுவி, புர்காவை மாட்டிக்கொண்டு, சர்டிபிகேட் பையைத் தோளில் போட்டாள்.

வண்டி கொஞ்சம் அதிகமாகவே இரைந்தது. ஸ்டாண்டில் நிற்கும்போதே பின்சக்கரம் தானாகச் சுற்றியது. போனில் கேட்டுக்கொண்டிருந்த ரயீஸுக்குப் பொறுக்கவில்லை.

"ஹுமைரா, ஐடிலிங் ஜாஸ்தியா இருக்குது. ஸ்டாண்ட எடுத்தா இழுத்துக்கிட்டு ஓடும். கார்புரேட்டருக்குப் பக்கவாட்டுல இருக்கற ஸ்க்ரூவ அரைச் சுத்து வெளிய எடு, சரியாப் போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "சத்தியமா சொல்றேன்" என்றான்.

புருஷன் பொண்டாட்டிக்குள் ஒரு ஸ்க்ரூவுக்குச் சத்தியம் செய்கிற நிலைமை வந்துவிட்டது, பாருங்கள். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் தெரிந்தது. காலையில் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பியிருப்பாள்.

பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டை எடுத்தாள். வண்டி முன்னால் திமிறியது.

"அங்க போயி யாரையாவது கேட்டுக்கறேங்க" என்று சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.