கழுவிப்போன குறிகள்

...சொன்னேனா, சொல்லவில்லையா, போன வியாழக்கிழமையைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறேன், சொன்ன மாதிரி ஒரு நினைவாவது அகப்படாதா என்று... அகப்படவில்லை, நான் சொல்லவில்லை, அதுதான் உண்மை. பதுளையில் இந்தக் கிளினிக்கில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான், டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழ் நோயாளிகளுக்கு விளங்க வைப்பதற்கு, அதிலும் கதிர்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களை, அவர்கள் பேச்சில் 'கரண்டு புடிக்க' போகிறவர்களை, தயார்படுத்தி அனுப்புவதற்கு. கனகம் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், மார்பில் கட்டியை எடுத்து இரண்டு மாதமாகிறது. ஸ்கேன் பண்ணி, கரண்டு எங்கே விழ வேண்டும் என்று அவர் மார்பில் மையால் நான்கு குறி போட்டிருந்தார்கள். சிகிச்சை முடியும்வரை அதை அழிக்கக்கூடாது. ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்றைக்கு வரிசையில் இன்னும் பதினொரு பேர், பன்னிரண்டரை மணி, எனக்குப் பசி, தமிழில் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் வாசிங்க, எல்லாம் இதுல இருக்கு, விளங்குச்சா என்றேன். விளங்குச்சுங்க மிஸ் என்றார். தாளை நாலாக மடித்துக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்தார். அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் சம்மதப் பத்திரத்தில் அவருடைய பெருவிரலை நானே பிடித்து அமுக்கிக் கைநாட்டு வாங்கியிருந்தேன். கைநாட்டு வாங்கிய அதே கையால் வாசிக்கத் தாள் கொடுத்திருக்கிறேன்... என்னை என்ன சொல்வது?

இன்று காலை அவர் சட்டையைத் திறந்தபோது குறிகள் இல்லை. தோல் கன்றிச் சிவந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு அழுக்கா வரக்கூடாதுல்ல, அதான் தேங்காய் நாரும் சவுக்காரமும் போட்டு நல்லா தேய்ச்சுக் குளிச்சேன், லேசுல போகலங்க மிஸ் என்று, ஏதோ வேலையை ஒழுங்காக முடித்தவர் போலச் சொன்னார். கொழுந்துக் கறையைத் தேய்க்கிற தேய்ப்பு அது, எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் தேய்ப்பார், என் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்த அன்று விரலெல்லாம் புண்ணாகும்வரை தேய்த்துவிட்டு வந்திருந்தார், நான் அப்படியும் பின்வரிசையில் போய் உட்காரச் சொன்னேன், அவரும் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தார். தோட்டத்து லயக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் என்று இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை, கேட்டால் பதுளை டவுன் என்பேன். டொக்டருக்குக் கோபம், திரும்ப ஸ்கேன், திரும்பக் குறி, பன்னிரண்டு நாள் தள்ளிப்போகும், இந்த நோயில் பன்னிரண்டு நாள் என்றால் சும்மாவா, குறியை அழிக்கக்கூடாது என்று சொல்லவில்லையா என்று கேள் என்றார். கேட்டேன், என்னைப் பற்றிய கேள்வியை நானே தமிழாக்கி அவரிடம் கேட்டேன். கனகம் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு டொக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"சொன்னாங்க சார். மிஸ் நல்லாத்தான் சொன்னாங்க. நாந்தான் மறந்துட்டேன்."

ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். இன்றைக்கு நான் செய்ததிலேயே சுத்தமான மொழிபெயர்ப்பு அதுதான். இந்த ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது என்று டொக்டர் முனகினார், அதைத் தமிழில் சொல்லவில்லை, சொல்லாமலே கனகத்துக்கு விளங்கிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுதிக்கொண்டிருப்பது போல நின்றேன்.

வெளியே வாங்குப் பலகையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், நோயாளிகள் பக்கத்தில் நான் உட்காருவதே இல்லை. அந்தக் குறி எதற்கு, சவுக்காரம், பவுடர், எண்ணெய் ஏன் அதில் படக்கூடாது, மெஷினுக்குக் கீழே கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை, பல்லைக் கடித்தார். ரெண்டு மாசமா இப்படித்தாங்க, யாரும் கேக்கல என்றார். நான்தானே கேட்டிருக்க வேண்டும்... இந்தக் கையைப் பற்றியும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இப்போது நான் சொன்னதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, அந்தப் புள்ளிதாங்க அவங்களுக்கு வழி, அழிஞ்சா கரண்டு நல்ல எடத்தைச் சுட்டுரும் என்றார். எங்கள் தாளில்கூட இவ்வளவு நேராக இல்லை. ஐந்து நிமிடம், மொத்தமே ஐந்து நிமிடம்தான் ஆனது.

"ஏன் நான் சொன்னதா சொன்னீங்க?"

கனகம் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "வேற என்னாங்க சொல்றது? நம்ம பாஷை பேச இங்க நீங்க ஒராள்தான் இருக்கீங்க. ஒங்களையும் அனுப்பிட்டாங்கன்னா நாங்க யாருகிட்ட போறது?"

என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்... அது மன்னிப்பே இல்லை, பயம். இதுவரை எத்தனை பேர் என்னிடம் விளங்குச்சுங்க மிஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அத்தனையும் இந்தப் பயம்தானா? குறியைப் பற்றிச் சொல்லாதது நான்தான் என்று சொல்லிவிட எழுந்து போய் டொக்டரின் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே வரச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார், என் பின்னால் நோயாளி யாரும் இல்லை, என்ன என்கிறார். இந்த அறையில் நான் இதுவரை பேசிய ஒவ்வொரு வாக்கியமும் இந்த அம்மா சொல்கிறார், இந்த ஐயா சொல்கிறார் என்றுதான் தொடங்கியிருக்கிறது. நான் என்று ஒன்றைத் தொடங்க வேண்டும், வாய் திறந்துதான் இருக்கிறது, அடுத்த சொல் எந்த மொழியிலும் வரவில்லை...